கொலம்பஸுக்கு முந்தைய காலம்: வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வரலாற்று ஆசிரியர்களுக்கும், பாடநூல்களும் போட்டித் தேர்வு நூல்களும் எழுதும் நண்பர்களுக்கும், மொழிபெயர்ப்பாளர்களுக்கும்,



முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன், ஓய்வு பெற்ற பிறகும் அதையே படித்துக்கொண்டிருப்பவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். மடல் கொஞ்சம் நீளம். ஆனால் பேசப்போவது ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான்.

ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் ‘கொலம்பியக் காலத்துக்கு முந்தைய நாகரிகங்கள்’ என்று கரும்பலகையில் தலைப்பு எழுதினேன். முன்பெஞ்சில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். “சார், கொலம்பியா நாடு உருவாகறதுக்கு முன்னாடியா?”

“இல்லம்மா, கொலம்பஸ் வர்றதுக்கு முன்னாடி.”

அவள் உட்காரவில்லை. “அவர் வரப்போறது அங்க இருந்தவங்களுக்குத் தெரியாதே சார். அவங்க அந்தக் காலத்துக்கு என்ன பேரு வெச்சிருந்தாங்க?”

“நாளைக்குச் சொல்றேன்” என்று உட்கார வைத்தேன். அந்தக் கல்வியாண்டு முடியும்வரை சொல்லவில்லை, எனக்கே தெரியாது. பிறகு தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, நாம் கையாளும் அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை தவறுகள் புகுந்து உட்கார்ந்திருக்கின்றன என்று புரிந்தது.

முதலில், சொல்லின் பொருள். ஆய்வாளர் வழக்கில் ‘கொலம்பஸுக்கு முந்தைய காலம்’ என்பது அமெரிக்கக் கண்டங்களில் மனிதர் குடியேறியது முதல், ஐரோப்பியரின் பிடி அந்த நிலத்தில் இறுகும் வரையிலான காலம். பெயரில் கொலம்பஸ் இருப்பதால் 1492 அக்டோபர் 12 அன்று அது ஒரே நொடியில் முடிந்துபோனதாக நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி முடியவில்லை. அன்று கொலம்பஸ் கால் வைத்தது இன்றைய பஹாமாஸ் நாட்டின் ஒரு தீவில். அங்கே வாழ்ந்த தைனோ மக்கள் அதைக் குவானஹானி என்றார்கள். வந்தவர் அதற்கு சான் சல்வடோர் என்று பேர் மாற்றினார். அந்த நாளில், மெக்சிகோவில் ஓர் ஏரி நடுவே இருந்த, மெக்சிகா மக்களின் தெனோச்சித்லான் நகரத்துக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. அது 1521 ஆகஸ்ட் 13 அன்றுதான் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. இன்கா அரசர் அதவால்பா கஹமார்க்காவில் சிறைபிடிக்கப்பட்டது 1532 நவம்பர் 16. இன்கா வழியினர் வில்கபாம்பா மலைக்காட்டில் 1572 வரை தனி அரசு நடத்தினார்கள். குவாத்தமாலாவின் பெத்தேன் ஏரித் தீவில் இருந்த நோஹ்பெத்தேன் என்ற மாயா நகரம் விழுந்தது 1697-ல். கொலம்பஸ் கரை தொட்டு 205 ஆண்டுகள் கழிந்த பின்! சிலியின் தென்பகுதியில் மபுச்சே மக்கள் ஸ்பானியப் படைகளைத் தடுத்தே நின்றார்கள். அவர்கள் நிலம் பறிபோனது 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில், சுதந்திரச் சிலியின் இராணுவத்திடம்.

ஆகவே ‘முந்தைய’ என்று எழுதினால், எந்த ஊருக்கு முந்தைய என்ற கேள்வி உடனே எழுகிறது. அந்த எல்லைக்கோடு ஊருக்கு ஊர் தள்ளி நிற்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சில இடங்களில் ஐரோப்பியருக்கு முன்பே அவர்கள் கொண்டுவந்த நோய் போய்ச் சேர்ந்துவிட்டது. தெனோச்சித்லானில் 1520-ல் பெரியம்மை பரவி அரசர் குயித்லாவாக்கையே கொண்டுபோனது. இன்காக்களின் அரசர் வைனா காப்பாக் 1520-களில் இறந்ததும் இந்தக் கொள்ளைநோயால்தான் என்பது பல வரலாற்றாசிரியர்களின் முடிவு. ஸ்பானியத் தளபதி பிசாரோவின் படை இன்காவின் உள்நாட்டில் கால் வைப்பதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார்; அவருடைய மகன்கள் வாஸ்காரும் அதவால்பாவும் அரியணைக்குச் சண்டையிட்டு நாட்டையே இரண்டாக்கியிருந்தார்கள். அந்தச் சில ஆண்டுகள் ‘முந்தைய’ காலமா, ‘பிந்தைய’ காலமா? அங்கே ஒரு ஐரோப்பியர்கூட இல்லை. ஆனால் ஐரோப்பா கொண்டுவந்த சாவு நுழைந்துவிட்டது.

இது முடிவைப் பற்றியது. தொடக்கத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒயிட் சாண்ட்ஸ் என்ற வெண்மணல் நிலத்தில், வற்றிப்போன ஏரிக்கரையில் மனிதக் காலடிகள் பதிந்து கிடக்கின்றன. அவை 21,000 முதல் 23,000 ஆண்டு பழமையானவை என்று 2021-ல் ஓர் ஆய்வு வெளியானது. எதிர்ப்பு எழுந்தது, வேறு முறைகளில் மீண்டும் கணித்தார்கள், அதே காலம்தான் வந்தது. அவற்றில் சிறுபிள்ளைகளின் காலடிகளும் உண்டு. அந்தப் பிள்ளைகளையும் தெனோச்சித்லான் சந்தையில் கூடை வைத்து விற்ற பெண்ணையும் நம்முடைய அந்த ஒரு சொல் ஒரே பைக்குள் போட்டுவிடுகிறது.

பெருவின் கடலோரப் பகுதியில் காரால் நகரம் இருக்கிறது. தொல்லியலாளர் ரூத் ஷேடி 1990-களில் அதைத் தோண்டத் தொடங்கினார். அங்கே பெரிய மேடைக் கோயில்கள் எழுந்தது பொ.ஆ.மு. 2600 வாக்கில், எகிப்தில் பிரமிடுகள் எழுந்த காலம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு அருகில் கஹோக்கியா இருக்கிறது. அதன் மண்மேடு ஒன்று இன்றும் 30 மீட்டர் உயரம் நிற்கிறது. அந்த ஊர் பொ.ஆ. 1100-ஐ ஒட்டிச் செழித்து, கொலம்பஸ் பிறப்பதற்கு முன்பே ஆளின்றிப் போனது. காராலுக்கும் கஹோக்கியாவுக்கும் நடுவே 3,500 ஆண்டுக்கு மேல். சங்க காலத்துக்கும் நமக்கும் உள்ள இடைவெளியைவிட அது பெரிது. சங்க காலத்தையும் நம் காலத்தையும் ஒரே பத்தியில் ஒரே பெயரில் எழுதினால் நாம் ஒப்புக்கொள்வோமா?

நமக்கு அருகிலேயே ஓர் உரைகல் இருக்கிறது. 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரைக்கு வந்தார். அதனால் ராஜராஜனை ‘காமாவுக்கு முந்தைய அரசர்’ என்று யாரும் எழுதுவதில்லை. சங்க காலம், களப்பிரர் காலம், பல்லவர் காலம், சோழர் காலம் என்று நம் நிலத்துக்குள்ளிருந்தே பெயர் எடுக்கிறோம். மெக்சிகோவிலும் பெருவிலும் அப்படிப்பட்ட பெயர்கள் உண்டு. மெக்சிகோ முதல் குவாத்தமாலா வரையிலான நிலத்துக்கு முற்செவ்வியல், செவ்வியல், பிற்செவ்வியல் என்று பகுப்பு உண்டு. ஆண்டிஸ் பகுதிக்கு சாவின், மோச்சே, வாரி, சிமு, இன்கா என்று வரிசை உண்டு. அவற்றைச் சொல்லாமல் விடுவது நம் சோம்பல் ஒன்றினால்தான்.

அடுத்து, இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு தவறான எண்ணம்: அது ‘வரலாற்றுக்கு முந்தைய காலம்’ என்பது. ஐரோப்பியர் வந்து எழுதத் தொடங்கியதும்தான் வரலாறு தொடங்கியது போல. மாயா மக்கள் கல்லில் அரசர் பெயரையும் நாளையும் பொறித்தார்கள். சுழியத்துக்கு அவர்களிடம் தனிக் குறி இருந்தது, சிப்பி வடிவம். பலென்கே நகரத்தை ஆண்ட கினிச் ஹனாப் பக்கால் 615-ல், 12 வயதில் அரியணை ஏறியதும், 683-ல் இறந்ததும் அவர்களுடைய எழுத்திலேயே இருக்கின்றன. காஞ்சியில் மகேந்திரவர்மனும் நரசிம்மவர்மனும் ஆண்டபோது அங்கே பக்கால் ஆண்டுகொண்டிருந்தார். நம் மகேந்திரனுக்கு ‘வரலாற்றுக் காலம்’, பக்காலுக்கு மட்டும் ‘வரலாற்றுக்கு முந்தைய காலமா’? அவருடைய கல்லறையை மெக்சிகோ தொல்லியலாளர் ஆல்பெர்தோ ரூஸ் 1952-ல் திறந்தார். அதே ஆண்டு சோவியத் அறிஞர் யூரி குனோரசோவ் மாயா எழுத்தைப் படிக்கும் வழியைக் காட்டும் கட்டுரையை வெளியிட்டார்.

மாயா நூல்கள் ஏன் இன்று நான்கு மட்டும் மிஞ்சியிருக்கின்றன என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். 1562 ஜூலையில் யுகத்தான் பகுதியின் மனி என்ற ஊரில், தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் மாயா நூல்களைக் குவித்து எரித்தார். ‘எழுத்தில்லாத மக்கள்’ என்று நாம் எழுதுமுன் அந்தத் தீயை நினைத்துக்கொள்ள வேண்டும்.

எழுத்து இல்லாத இடத்திலும் பதிவு இருந்தது. இன்காக்களின் கிப்பு என்ற முடிச்சுக் கயிற்றைக் கையில் எடுத்துப் பார்ப்போம். தலைக்கயிறு ஒன்று கிடையாக; அதிலிருந்து தோரணம்போல் பல கயிறுகள் தொங்கும். ஒரு தொங்கு கயிற்றை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு வாருங்கள். மேலே அடுத்தடுத்து இரண்டு ஒற்றை முடிச்சுகள். சற்று இடைவெளி. நடுவில் நான்கு ஒற்றை முடிச்சுகள். மறுபடி இடைவெளி. அடியில் ஒரு நீண்ட முடிச்சு, அதில் மூன்று சுற்று. மேலே நூறு, நடுவில் பத்து, கீழே ஒன்று. ஆக, இந்தக் கயிறு 243. ஓரிடத்தில் முடிச்சே இல்லாமல் வெற்றாக இருந்தால் அது சுழியம். பக்கத்துக் கயிறுகளின் கூட்டுத்தொகையைச் சொல்லத் தனிக் கயிறும் உண்டு. களஞ்சியத்தில் எத்தனை மூட்டை, ஊரில் எத்தனை ஆள் என்று இப்படிக் கணக்கு வைத்துத்தான், இன்றைய ஆறு நாடுகளில் பரந்து கிடக்கும் நிலத்தை அவர்கள் ஆண்டார்கள். தம் நாட்டை அவர்கள் அழைத்த பெயர் தவாந்தின்சுயு. நான்கு பகுதிகள் சேர்ந்தது என்று பொருள். ‘இன்கா’ என்பது அரசருக்கான பட்டம்.

கிப்புவை என் வகுப்பில் ஒருமுறை சாக்கு நூலால் கட்டிக் காட்டினேன். அதுவரை வாய் திறக்காத பையன்கள்கூட ஆளுக்கொரு எண்ணைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். ‘முந்தைய நாகரிகம்’ என்று நூறு முறை சொன்னாலும் மனதில் நிற்காதது, ஒரு முடிச்சில் நின்றுவிட்டது.

‘முந்தைய’ என்ற சொல்லுக்கு உண்மையான பயன் ஒன்று இருக்கிறது. அதை மறைத்தால் நான் நேர்மையில்லாதவன் ஆவேன். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வாழ்க்கை, அந்தப் பக்கம் வேறு வாழ்க்கை. கோட்டுக்கு முன்னால் அந்தக் கண்டங்களில் குதிரை இல்லை. பழைய காட்டுக் குதிரை இனம் பல ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அங்கே அற்றுப்போயிருந்தது. மாடு இல்லை, கோதுமை இல்லை, கரும்பு இல்லை, பெரியம்மை இல்லை. தோண்டும்போது கண்ணாடி மணியோ குதிரை எலும்போ கிடைத்தால், அது கோட்டுக்குப் பிந்தைய மண் என்று தொல்லியலாளர் அறிந்துகொள்வார். இந்த அளவில் அது நல்ல சொல். மண் அடுக்கைப் பிரிக்க உதவும் சொல்.

அதே அளவுகோலை நம் மனதில் இருக்கும் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். எங்கள் தலைமுறை தமிழ்க் காமிக்ஸ் படித்து வளர்ந்தது. குதிரையில் பாய்ந்து வரும், தலையில் இறகு சூடிய, கையில் துப்பாக்கி ஏந்திய வீரன்தான் எங்களுக்கு ‘ஆதி அமெரிக்கன்’. அந்தக் குதிரையும் துப்பாக்கியும் ஐரோப்பியர் வழியே வந்தவை. நாங்கள் ஆதிகாலம் என்று நினைத்தது கொலம்பஸுக்குப் பிந்தைய காலம்! நான் சந்தித்த மாணவர்களில் பெரும்பாலோருக்கும் இதே படம்தான் இருந்தது. வகுப்பில் முதலில் இதைத் திருத்துங்கள். மற்றதெல்லாம் தானே தெளியும்.

இனி, நம் தமிழ்ச் சொற்கள். ‘ஐரோப்பியர் வருகை’ என்று எழுதுகிறோம். கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் வருகையை எதிர்நோக்கும்’ என்று அச்சிடும் அதே வருகை. கஹமார்க்காவில் நடந்தது வருகையா? பேசலாம் என்று அழைத்து, சதுக்கத்தில் மறைந்திருந்து தாக்கி, அரசரைப் பிடித்து, மீட்புப் பணமாகப் பொன்னையும் வெள்ளியையும் வாங்கிக்கொண்டு, 1533-ல் அவரைக் கொன்றார்கள். பல பகுதிகளில் நோயும் போரும் அடிமை வேலையும் சேர்ந்து பத்தில் ஒன்பது பேர் வரை அழித்தன என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. கனடாவிலும் அமெரிக்காவிலும் இப்போது ‘தொடர்புக்கு முந்தைய’ என்ற வழக்கு பெருகியிருக்கிறது. அது கொலம்பஸின் பெயரை நீக்குகிறது, நல்லதுதான். ஆனால் ‘தொடர்பு’ என்பதும் மென்மையான சொல். ‘நுழைவு’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ‘ஐரோப்பியர் நுழைவுக்கு முந்தைய’ என்று எழுதினால், வந்தவர் விருந்தாளி என்ற பொருளும் வராது, அந்த மாணவி கேட்டதுபோல் கொலம்பியா நாட்டோடு குழப்பமும் வராது.

‘தொடர்பு’ என்று சொல்லும்போது, அதற்கு முன் அவர்கள் யாரோடும் தொடர்பின்றித் தனித்துக் கிடந்தார்கள் என்ற எண்ணமும் வருகிறது. அதுவும் பொய். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தில் வட ஐரோப்பிய நார்ஸ் கடலோடிகள் வீடு கட்டியிருந்தார்கள்; அங்கே கிடைத்த மரத்தை அவர்கள் 1021-ல் வெட்டினார்கள் என்று மரவளையக் கணக்கு சொல்கிறது. தென் அமெரிக்காவின் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஐரோப்பியர் பசிபிக் கடலைப் பார்ப்பதற்கு முன்பே பாலினீசியத் தீவுகளில் விளைந்தது. அந்தக் கண்டங்களுக்குள்ளும் பெருவழிகளும் கடல்வழிகளும் இருந்தன.

இதற்குக் கொலம்பஸ் பக்கத்திலிருந்தே சாட்சி உண்டு. 1502-ல் தம் நான்காம் பயணத்தில், ஹோண்டுராஸ் கடலோரம் குவானஹா தீவருகே அவர் ஒரு பெரும் படகைக் கண்டார். ஒரே மரத்தைக் குடைந்து செய்தது, எட்டடி அகலம். நடுவே ஓலைக் கூரை, அதன் கீழ் பெண்களும் பிள்ளைகளும். துடுப்புப் போட இருபத்தைந்து பேர். உள்ளே வண்ணப் பருத்தித் துணிகள், இருபுறமும் கூரிய கல் பதித்த மரவாள்கள், செம்புக் கோடரிகள், செம்பு மணிகள், உலோகம் உருக்கும் மூசைகள். கூடவே குவியலாக ஏதோ விதைகள். கொலம்பஸின் பதின்ம வயது மகன் பெர்னாந்தோ உடன் இருந்தார். பின்னாளில் இதையெல்லாம் எழுதிவைத்தார். படகுக்காரர்களைக் கப்பலில் ஏற்றியபோது விதைகளில் சில கீழே சிதறின. சிறைபட்ட அச்சத்தையும் மறந்து எல்லோரும் குனிந்து அவற்றைப் பொறுக்கினார்கள் என்று அவர் வியக்கிறார். அவை கக்காவோ விதைகள். அந்த நாட்டில் அவை நாணயமாகவே செல்லும். ஸ்பானியருக்கு அது தெரியவில்லை. அந்தப் படகு வந்த திசையில் போயிருந்தால் மாயா நகரங்களைப் பார்த்திருப்பார். அவர் எதிர்த்திசையில், ஆசியாவுக்கு வழி தேடிப் போய்விட்டார்.

‘கண்டுபிடித்தார்’ என்ற வினையை அந்தப் படகின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணெதிரே வந்த நாகரிகத்தையே அடையாளம் காணாதவர் எதைக் கண்டுபிடித்தார்? ‘அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர் யார்?’ என்ற ஒரு மதிப்பெண் கேள்வி இன்றும் நம் பொது அறிவு நூல்களில் அச்சாகிறது. நாலு விடைகளில் சரியான விடையைப் பிள்ளைகள் அரை நொடியில் வட்டமிடுகிறார்கள். அந்த அரை நொடியில் 20,000 ஆண்டு மனித வாழ்க்கை அழிந்துபோகிறது.

‘செவ்விந்தியர்’ என்ற சொல்லும் அப்படித்தான். இந்தியாவுக்கு வந்துவிட்டதாக ஒருவர் செய்த தவறு, அதன்மேல் தோலின் நிறம். அமெரிக்காவில் அந்த மக்களிலேயே பலர் தம்மை ‘அமெரிக்க இந்தியர்’ என்று சொல்லிக்கொள்வது உண்மை. அது அவர்கள் விருப்பம், அவர்கள் உரிமை. தமிழில் எழுதும் நமக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. பூர்வகுடிகள் என்று பொதுவாகவும், தைனோ, மெக்சிகா, கெச்சுவா, சிரோக்கி, லக்கோட்டா என்று தனியாகவும் எழுத நம் எழுத்துகள் போதும்.

இதெல்லாம் கடல் கடந்த கதை, நமக்கென்ன என்று கேட்போர் இருக்கலாம். அவர்களை அடுக்களைக்கு அழைக்கிறேன். மிளகாய் அந்த மண்ணின் பயிர். மெக்சிகோ மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டு விதை பொறுக்கிப் பண்படுத்திய செடியை, அது இங்கே வந்தபோது நாம் மிளகோடு சேர்த்து மிளகாய் என்றோம். தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி, நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி, சீத்தாப்பழம் எல்லாம் அங்கிருந்து வந்தவை. சப்போட்டா என்று சொல்லும்போது மெக்சிகா மக்களின் நாவாட்ல் மொழிச் சொல்லான ‘த்ஸாபோத்ல்’ நம் வாயில் வருகிறது. அன்னாசி என்பதில் பிரேசிலின் தூப்பி மொழி இருக்கிறது.

ஒரு காய்க்கு மட்டும் நாம் வேறு மாதிரி பெயர் வைத்தோம். பறங்கிக்காய். பறங்கி என்றால் ஐரோப்பியர். குறிப்பாக அன்று வந்த போர்ச்சுகீசியர். மெக்சிகோவின் ஒஹாக்கா பள்ளத்தாக்கின் குகை ஒன்றில், அந்தக் காயின் உறவினத்தை மனிதர் பயிரிட்டதற்கான ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழைய விதைகள் கிடைத்திருக்கின்றன. விதைத்தவர் பெயர் விட்டுப்போனது. கப்பலில் ஏற்றி வந்தவர் பெயர் காய்க்கு ஒட்டிக்கொண்டது. சந்தையில் அந்தப் பெயரை மாற்றச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது நாலு நூற்றாண்டாக மக்கள் வாயில் பழகிய சொல். ஆனால் ‘கொலம்பஸுக்கு முந்தைய’ என்பதும் இதே முறையில் பிறந்த சொல்தான். ஒரு காய்க்கு நடந்தது ஒரு கண்டத்துக்கும் அதன் காலம் முழுமைக்கும் நடந்திருக்கிறது. அதைப் பாடநூலில் திருத்தும் கடமை நமக்கு உண்டு.

அந்த மக்களே சொல் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பனாமாவின் குணா மக்களுடைய மொழியில் ‘அப்யா யாலா’ என்றால் முதிர்ந்து செழித்த நிலம். இத்தாலியரான அமெரிகோ வெஸ்புச்சியின் பெயர் வேண்டாம் என்று, கண்டம் முழுவதற்கும் இந்தப் பெயரைத் தென் அமெரிக்கப் பூர்வகுடி இயக்கங்கள் இன்று பயன்படுத்துகின்றன. மெக்சிகோவில் ‘ஹிஸ்பானியருக்கு முந்தைய’ என்று எழுதுவதே பெருவழக்கு. எந்தச் சொல்லும் முழுமையானது இல்லை. ஆனால் யாருடைய கண்ணிலிருந்து பார்க்கிறோம் என்பதைச் சொல் காட்டிக்கொடுக்கிறது.

எனவே உங்களிடம் நான் வேண்டுவது இவைதான்.

பொதுவான எல்லைக்கோடு தேவைப்படும் இடத்தில் ‘ஐரோப்பியர் நுழைவுக்கு முந்தைய’ என்று எழுதுங்கள். அந்த ஊரில் அந்தக் கோடு எந்த ஆண்டில் விழுந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மற்ற எல்லா இடத்திலும் எந்த நிலம், எந்த மக்கள், எந்த நூற்றாண்டு என்ற மூன்றையும் சொல்லுங்கள். ‘வரலாற்றுக்கு முந்தைய’ என்பதைப் பக்காலின் மேலும் பலென்கேயின் மேலும் ஏற்றாதீர்கள். ‘செவ்விந்தியர்’ வேண்டாம். கேள்வித்தாள் தயாரிப்போருக்கு ஒரு தனி வேண்டுகோள்: ‘அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர் யார்?’ என்ற கேள்வியை எடுத்துவிட்டு, ‘1492-ல் கொலம்பஸ் கரையிறங்கிய தீவை அங்கு வாழ்ந்த மக்கள் எப்படி அழைத்தார்கள்?’ என்று கேளுங்கள். ஒரு மதிப்பெண்ணுக்கு ‘குவானஹானி’ என்ற சொல் நம் பிள்ளைகளின் நினைவில் ஏறட்டும்.

கடைசியாக, அந்த மாணவிக்கு நான் தர வேண்டிய பதில். இன்று அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவளுடைய பிள்ளைகள் உங்களில் ஒருவரின் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். மெக்சிகா மக்கள் தாம் வாழ்ந்த காலத்தை ஐந்தாம் சூரியன் என்றார்கள். தமக்கு முன் நான்கு சூரியன்கள் தோன்றி அழிந்தன என்பது அவர்கள் நம்பிக்கை. இந்தச் சூரியனின் பெயர் நாவி ஒல்லின், ‘நான்கு அசைவு’. நமக்கு அறுபது ஆண்டு வட்டம் இருப்பதுபோல் அவர்களுக்கு ஐம்பத்திரண்டு ஆண்டு வட்டம்: முயல், நாணல், சிக்கிமுக்கிக்கல், வீடு என்ற நான்கு குறிகளும் ஒன்று முதல் பதின்மூன்று வரையிலான எண்களும் மாறி மாறிச் சேர்ந்து ஒவ்வோர் ஆண்டுக்கும் பெயராகும். நாம் 1492 என்று எழுதும் ஆண்டு அவர்கள் கணக்கில் ‘பதின்மூன்று சிக்கிமுக்கிக்கல்’.

அன்புடன்,
உங்களில் ஒரு வரலாற்று ஆசிரியர்